கோயில்ல வச்சா யாரு கேக்கப் போறா?

போன வருசம் கலஹா பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டம் வைக்கப் போயிருந்தோம். பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, எந்தப் பாடத்துக்கு என்ன படிக்கலாம் என்று ஒன்றரை மணித்தியாலம் பேசுவதுதான் திட்டம். தோட்டத்து மண்டபத்தைக் கேட்டோம். ஆபிசில் முதலில் கடிதம் கேட்டார்கள். கடிதம் கொடுத்ததும் இதில் யாருடைய கையெழுத்து என்றார்கள். கடைசியில் கம்பனியிடம் கேட்டுத்தான் சொல்லலாம் என்றார்கள். ரோட்டோரம் நின்று என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அங்கே உட்கார்ந்திருந்த தாத்தா ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "கோயில்ல வச்சா யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கவில்லை. மாரியம்மன் கோயில் முன்மண்டபத்தில் பாய் விரித்தோம். சுண்டல்கூட வந்தது.

எங்களுக்கு அன்றைக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் எங்களில் இரண்டு பேர் வகுப்பில் ஒரு பிரசன்டேசன் செய்திருந்தார்கள். தோட்டத்துக் கோயில் என்பது துரையும் கங்காணியும் சேர்ந்து ஆட்களைக் கட்டிப்போடச் செய்துகொண்ட ஏற்பாடு, கூலிக்காரன் கோபத்தைத் தீமிதியில் தணித்துக்கொண்டு மறுநாள் காலையில் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம், இதுதான் அதன் சாரம். நல்ல மார்க்ஸ் கிடைத்தது. அதில் சொன்னது எதுவும் பொய் என்று இப்போதும் நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள்தான் நாங்கள் பாய் விரித்திருந்தோம், ஆபிசால் அதைத் தடுக்க முடியவில்லை. தாத்தாவுக்குத் தெரிந்திருந்த இந்த விசயம் எங்கள் பிரசன்டேசனில் ஏன் வரவில்லை என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சாமிகள் வந்த வழி.

1820களில் கம்பளைப் பக்கம் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொருவையில் போட்டார். இன்றைக்கு எங்கள் கம்பஸ் இருக்கிற பேராதனைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் அது. கண்டிச் சிங்கள விவசாயிகள் கூலி வேலைக்கு வரத் தயாராக இல்லை, அவர்களுக்கு வயல் இருந்தது. ஆகவே தென்னிந்தியாவிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள். இராமேஸ்வரம், தொண்டிப் பக்கமிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடை. கண்டிக்கு ரயில் வந்ததே 1867இல்தான், தலைமன்னாருக்கு 1914இல். அதுவரைக்கும் காலால்தான் எல்லாம். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் அந்த வழியில் விழுந்தவர்களைக் கூட வந்தவர்கள் விட்டுவிட்டு நடக்க வேண்டியிருந்தது. அப்படி வந்த ஆட்களிடம் அம்மை நோய்க்கும் கொள்ளை நோய்க்கும் உரியவளான மாரியம்மன் இருந்தாள் என்பதில் ஆச்சரியமில்லை. காடு முடிந்து ஊர் தொடங்குகிற மாத்தளையில் முத்துமாரியம்மன் முதலில் ஒரு மரத்தடியில்தான் இருந்தாள் என்பார்கள். உயிரோடு வந்து சேர்ந்தவன் முதலில் கும்பிட்டது அந்த மரத்தடியைத்தான் என்றால் நாங்கள் நம்புவோம். இன்றைக்கு அங்கே பெரிய ராஜகோபுரமும் மாசி மகத்துக்குப் பஞ்சரதத் தேரும் இருக்கின்றன.

கோப்பிக் காலத்தில் பெரும்பாலானோர் நிரந்தரமாகத் தங்கவில்லை. பழம் பறிக்கிற பருவத்துக்கு வந்து, ஊரில் அறுப்புக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். சாமியும் அப்படியே ஒரு கல்லாகவும் சூலமாகவும்தான் நின்றது. 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. அதற்கு இரண்டு வருசம் முன்னரே, 1867இல், ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது, வருசம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம், குடும்பம் வந்தால் லயம், பிள்ளை, சாவு, புதைகுழி. மரத்தடிக் கல்லுக்குக் கூரை வந்தது இப்படித்தான். ஆகவே தோட்டத்துக் கோயிலின் வரலாற்றை ஆகமத்திலிருந்து தொடங்குவது வீண் வேலை. தேயிலைச் செடியிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த மக்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த சாமிகளோடு நின்றுவிடவில்லை என்பதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. ரோதமுனி என்று ஒரு சாமி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம், பெக்டரியை ஓட்டுகிற சக்கரம். கையை இழுத்துக்கொள்ளக்கூடிய, ஆளை விழுங்கக்கூடிய அந்தப் பெரிய சுழலுக்குள் ஒரு முனி இருக்கிறார் என்று முடிவு செய்து அவருக்குப் படையல் வைத்தார்கள். கவ்வாத்துச்சாமி இருக்கிறார், கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன்னர் கத்தியை வைத்துக் கும்பிடுவதற்கு. இந்தச் சாமிகளுக்குத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கோயில் கிடையாது, புராணமும் கிடையாது. கங்காணியின் ஊரிலிருந்து வராத, துரையின் புத்தகத்தில் இல்லாத சாமிகள். வேலை செய்கிற இடத்தின் ஆபத்துக்கு இவர்களே பெயர் வைத்து, அதோடு பேச்சுவார்த்தை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் பேச்சுவார்த்தைக்கு அவர்களோடு உட்கார வேறு யாரும் தயாராக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கண்டியில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் இடையில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்டியின் கடைசி அரசர்கள் தென்னிந்திய நாயக்கர் வம்சம். தலதா பெரஹரவில் நாத, விஷ்ணு, கதிர்காமத் தேவாலயங்களோடு பத்தினித் தேவாலயத்தின் ஊர்வலமும் போகிறது. பத்தினி என்பது எங்கள் கண்ணகிதான். அவளும் கடல் கடந்து வந்தவள்தான். அவளிடம் யாரும் வதிவிடப் பத்திரம் கேட்கவில்லை.

சரி, பிரசன்டேசனில் சொன்ன பக்கத்துக்கு வருவோம், அதையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

கூரை போட்டுக் கட்டின கோயில் பெரும்பாலும் பெரிய கங்காணியின் கோயில். இடம் துரை கொடுத்தது. முதல் மரியாதையும் பரிவட்டமும் கங்காணிக்கு. திருவிழா அன்று துரையைக் கூட்டிவந்து மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். திருவிழாத் திகதிக்கும் லீவுக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். கோயில் சந்தா செக்றோலிலேயே பிடிபடும், சம்பளம் கைக்கு வரும்போது சாமிக்குப் போனது போக மிச்சம்தான் வரும். தீபாவளி அட்வான்ஸ் என்று ஒன்று கொடுத்து, அடுத்த தீபாவளி வரைக்கும் மாசாமாசம் வெட்டிக்கொள்வது இன்றைக்கும் நடக்கிறது. அந்த நாளில் கடனை எழுதிக் கையில் கொடுத்த துண்டுச்சீட்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் பண்டிகையும் கடனும் சேர்ந்து வருகிற பழக்கம் ஒழியவில்லை. சாதியும் கப்பலில் கூடவே வந்தது. லயங்களே பல தோட்டங்களில் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. கோயிலுக்குத் தப்படிக்கிறவர் கோயிலுக்குள் வரக்கூடாது என்கிற விதி இங்கேயும் இருந்தது. அதை எதிர்ப்பு என்று எந்தக் கோணத்திலிருந்தும் அழைக்க முடியாது.

அந்தத் தப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் இருட்டோடு ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டது தப்பு. பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர். அதே தப்புதான் அம்மன் கரகத்துக்கு முன்னால் போனது, சாவு வீட்டில் முழங்கியது, மாசி மாதத்தில் காமன் பொட்டலில் விடிய விடிய அடித்தது. அடித்த கையும் ஒரே கைதான். காலையில் துரைக்காகவும் இரவில் தனக்காகவும் ஒரே மனிதன் ஒரே தோலைச் சூடாக்கி அடித்தான் என்பதை எங்கள் பிரசன்டேசனில் எந்தத் தலைப்புக்குக் கீழே போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டோம்.

காமன் கூத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாசி மாதம் அமாவாசை கழிந்ததும் காமன் ஊன்றுவார்கள். பிறகு பௌர்ணமி வரைக்கும் ஒவ்வொரு இரவும் பாட்டு. சிவன் எரித்ததால் மன்மதன் எரிந்தானா, இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து லாவணியில் வாதாடுவதும் உண்டு. கடைசி இரவில் ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம், லயம் லயமாக ஊர்வலம். பிறகு தூதன் வருவான், ஓலை வரும். சிவனுடைய தவத்தைக் கலைக்க மதன் போக வேண்டும். போகாதே என்று ரதி அழுவாள், கெட்ட கனவு கண்டதாகச் சொல்வாள். மதன் போவான். எரிந்து போவான். பிறகு ரதியின் ஒப்பாரி. ஆம்பிளைதான் ரதி வேசம் கட்டுவார், ஆனால் அந்த இடத்தில் அழுகிற பெண்கள் நடிக்கவில்லை.

கதை தமிழ்நாட்டிலிருந்து வந்ததுதான், அங்கேயும் ஆடுகிறார்கள். ஆனால் அதை ஒரு தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். மேலிடத்திலிருந்து ஓலை வருகிறது. பெண்சாதி தடுக்கிறாள். ஏவின வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஏவினவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆள் கட்டிப் போன கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? துரையின் பங்களாவுக்குக் கேட்கிற தூரத்தில், துரையே லீவு கொடுத்து, இரவிரவாக இதை ஆடியிருக்கிறார்கள். ஜேம்ஸ் ஸ்கொட் என்கிற அமெரிக்க ஆய்வாளர், அடக்கப்பட்ட மக்கள் எஜமானுக்கு முன்னால் ஒன்றும் அவன் முதுகுக்குப் பின்னால் வேறொன்றும் பேசுவார்கள் என்று எழுதியிருக்கிறார். எங்களுக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் காமன் கூத்து முதுகுக்குப் பின்னால் நடக்கவில்லை. முகத்துக்கு நேரேதான் நடந்தது. துரைக்குப் பாசை புரியவில்லை, கங்காணிக்குப் புரிந்தும் சாமி காரியம் என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை.

கடல் கடந்த மற்ற இடங்களிலும் இப்படித்தான். ரீயூனியனில் கரும்புத் தோட்டத்துத் தமிழர் தீமிதித்தார்கள். டிரினிடாட்டில் 1884 ஒக்டோபர் 30ஆம் திகதி, முஹர்ரம் ஊர்வலத்தோடு நகரத்துக்குள் வரக்கூடாது என்று அரசாங்கம் போட்ட தடையை மீறி ஒப்பந்தக் கூலிகள் சான் பெர்னாண்டோவை நோக்கிப் போனார்கள். இஸ்லாமியரின் ஊர்வலம், ஆனால் இந்துக்களும் கூடவே நடந்தார்கள். பொலிஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். வெறும் பக்தி என்றால் அரசாங்கம் ஏன் துவக்கைத் தூக்க வேண்டும்? கூலிகள் தாங்களாகவே முடிவு செய்து ஒன்றாக நடந்தார்கள், அந்த நடைக்குத்தான் பயம்.

இங்கேயும் தோட்டத்துக்குள் கூடுவதுதான் பிரச்சினையாக இருந்தது. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த கோதண்டராம நடேசய்யர் தோட்டத்து நிலைமையைப் பார்க்க உள்ளே நுழைந்தது புடவை வியாபாரி வேசத்தில். பிறகு 1931இல் ஹட்டனில் அவர் தொழிற்சங்கம் தொடங்கினபோது அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடினார். பேச்சைக் கேட்கப் பயந்தவர்களும் பாட்டைக் கேட்க வந்தார்கள். பஜனைக்கும் கூத்துக்கும் கூடிப் பழகின சனம் அது. கூடுவது, காசு சேர்ப்பது, கணக்கு வைப்பது, தலைவரைத் தெரிவு செய்வது, சண்டை போட்டுக்கொண்டு திரும்பச் சேர்வது ஆகிய எல்லாவற்றையும் சங்கம் வரும் முன்னரே கோயில் கமிட்டியில் பழகியிருந்தார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். இன்றைக்கும் பல தோட்டங்களில் சங்கத் தலைவரும் கோயில் தலைவரும் ஒரே ஆள், அல்லது ஒருவருக்கொருவர் ஜென்ம விரோதி.

ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் செத்தார். சம்பளத்தில் பதினாறு சதம் கூட்டிக் கேட்ட வேலைநிறுத்தம். விசாரணைக் கமிசன் வந்தது, கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்று வாதாடினார். தோட்டத்துச் சாமிகளில் எத்தனை பேர் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேறினவன். கொன்றவன் பெயர் மறந்துபோய்க் கொல்லப்பட்டவனுக்குப் படையல் வைக்கிற ஒரு மரபு இந்தச் சனத்திடம் இருக்கிறது. கோவிந்தன் சாமியாகவில்லை. ஆனால் ஜனவரி 10 வந்தால் மலையகத் தியாகிகள் என்று படம் வைத்து விளக்கேற்றுகிறார்கள். 1977இல் டெவன் தோட்டத்துக் காணியைப் பறிக்க வந்தபோது சுடப்பட்ட சிவனு லெட்சுமணனுக்கும் அந்த விளக்கில் பங்குண்டு. விளக்கேற்றுகிறவர்களில் சாமியே இல்லை என்கிற தோழர்களும் இருக்கிறார்கள். மாலை போட்டுப் பூத் தூவி ஒரு நிமிசம் நிற்கிற விதத்தைப் பார்த்தால், அவர்கள் அதை எங்கே பழகினார்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் கோபிப்பார்கள்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம். 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். இத்தனை வருசம் தொடர்ச்சியாக இங்கே இருந்தாய் என்பதைக் காட்டு என்று அரசாங்கம் கேட்டது. இவர்களிடம் காட்டக் கடதாசி இல்லை. நாங்கள் கட்டின கோயில் இது, அப்பனைப் புதைத்த இடம் அது என்று கையை நீட்டிக் காட்டலாம், அதை எந்தக் கந்தோரும் பதிவு செய்யாது. 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்து பார்த்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். கண்டியிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். செத்தவர்களுக்கு வைக்கிற ஒப்பாரியை உயிரோடு போகிறவர்களுக்கு ஸ்டேசனில் நின்று வைத்தார்கள்.

எங்களில் ஒருவரின் அப்பாயி சொல்லுவார், அவருடைய அக்கா போகும்போது அம்மன் கோயில் மண்ணைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார் என்று. இருநூறு வருசத்துக்கு முன்னர் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்த சாமி, இந்தப் பக்கத்து மண்ணாகத் திரும்பிப் போகிறது. அங்கே போனால் அவர்கள் சிலோன்காரர். நீலகிரியில் தேயிலைக் காட்டில் திரும்பவும் அதே கொழுந்து.

இன்னொரு கூட்டம் வடக்கே போனது. எழுபதுகளின் பஞ்சத்திலும் 1977 கலவரத்திலும் கண்டி, மாத்தளைத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் வவுனியா, கிளிநொச்சிக் காடுகளுக்குப் போனார்கள். காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியேற்றியது. அதை நடத்தின டேவிட் ஐயா சிறையில் உயிர்தப்பினார், டொக்டர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அதே யூலையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டது. அம்மனே அகதியானால் ஆட்களுக்கு எங்கே போவது? வன்னியில் இவர்கள் காடு வெட்டின இடங்களிலும் மாரியம்மனும் முனியாண்டியும் போய் உட்கார்ந்தார்கள், ஒரு கல்லில் தொடங்கி, முன்னர் செய்த மாதிரியே. வேறு சிலர் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். 2019இல் இந்தியா குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, இந்து உட்பட ஆறு மதங்களின் பெயரைச் சொல்லி, பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. நெற்றி நிறைய விபூதி இருந்தும் அகதி அகதிதான்.

கண்டி நகரத்திலிருந்து வேறொரு மதத்து மனிதர் இதில் வருகிறார். 1854இல் மிஷனரிமார் தமிழ்க் கூலி மிஷன் என்று கண்டியை மையமாக வைத்துத் தொடங்கியபோது தோட்டத்துரைமாரின் ஆதரவும் அதற்கு இருந்தது. பள்ளிக்கூடம் வந்தது, நல்லதுதான், ஆனால் மிஷனின் பெயரிலேயே கூலி என்று இருந்தது. 1972இல் யேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக உட்கார்ந்து தோட்ட மக்களின் குடியுரிமை, சம்பளம், காணி பற்றிப் பேசுகிற இடமாக அது இருந்தது. யாரையும் மதம் மாற்றுவதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. 2003இல் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் வரும்வரைக்கும் பேசினவர்களில் இப்படிப் பல மதத்தார், மதமே வேண்டாம் என்றவர், எல்லாரும் இருந்தார்கள்.

எங்கள் பாடத்தில் இதற்கெல்லாம் ஒரு சொல் இருக்கிறது, முகவாண்மை. இங்கிலிஷில் ஏஜென்சி. முதல் வருசத்தில் விரிவுரையாளர் அந்தச் சொல்லைச் சொன்னபோது தோட்டத்திலிருந்து வந்த நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்க ஊர்ல ஏஜென்சி என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற இடம். கண்டி டவுனில் எத்தனையோ இருக்கின்றன. எங்களில் ஒருவரின் அம்மா அப்படித்தான் சவூதிக்குப் போனார், அவர் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது. சாமிப் படம் கொண்டுபோக வேண்டாம் என்று ஏஜென்சியில் சொல்லி அனுப்பினார்கள். அம்மா விபூதியை மருந்துப் பொட்டலம் மாதிரி மடித்துக் கொண்டுபோனாராம். நாலு வருசம் அந்த வீட்டுச் சமையலறையில் யாருக்கும் தெரியாமல் வெள்ளிக்கிழமை ஒரு துளி. அது சம்பளத்தைக் கூட்டவில்லை, வேலை நேரத்தைக் குறைக்கவில்லை. எதிர்ப்பு என்று சொன்னால் அம்மாவே சிரிப்பார். "எனக்குன்னு ஒண்ணு இருக்கணும்ல" என்றுதான் சொன்னார். எகிப்துப் பெண்களின் பக்தியைப் பற்றி எழுதின சபா மஹ்மூத் என்கிற ஆய்வாளர், எதிர்த்து நிற்பதை மட்டும்தான் செயல் என்று எண்ணுவது எங்கள் பார்வையின் குறை என்றார். அவருடைய புத்தகத்தை வாசித்து விளங்க எங்களுக்கு ஒரு செமிஸ்டர் எடுத்தது. பொட்டலத்தைப் பார்த்திருந்தால் கொஞ்சம் முன்னரே விளங்கியிருக்கும்.

இதற்காகக் கோயிலில் எல்லாம் சரி என்று நாங்கள் எழுத வரவில்லை. சம்பளம் காணாத வீட்டில் திருவிழாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூல் வந்தால் எங்களுக்கும் எரிச்சல்தான். முன்னர் ஒரு கல்லுக்கும் சூலத்துக்கும் இருந்த இடத்தில் இப்போது கும்பாபிசேகம், ஐயர், ஆகமம் என்று வந்து, ரோதமுனிக்கு வைத்த சாராயத்தையும் சுருட்டையும் அநாகரிகம் என்று தூக்கி எறிகிறார்கள். அதில் படித்த எங்கள் பங்கும் உண்டு. அதே நேரம் சம்பளப் போராட்டம் என்றால் முதல் தேங்காய் கோயிலில்தான் உடைகிறது. கம்பனிக்குப் பாடை கட்டி ஒப்பாரி வைக்கிற பெண்கள் அதற்குப் பயிற்சிப் பட்டறைக்குப் போகவில்லை. 2023இல் மலையகம் இருநூறு வருசத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து யூலை 28இல் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்களே, அந்த நடையில் எங்களில் மூன்று பேர் கடைசி நாட்களில் சேர்ந்துகொண்டோம். அரசியல் கோரிக்கைகளோடு போன நடைதான். ஆனால் மாத்தளை கிட்ட வரவரக் காலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட ஒரு அம்மாவை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கலஹாக் கூட்டத்தில் எங்களுக்கு உறுத்தின விசயம் ஒன்று இருக்கிறது. கோயிலுக்குத் தப்படிக்கிறவர் கடைசி வரைக்கும் மண்டபத்துக்குள் வரவில்லை. இப்ப அப்படி ஒன்றும் இல்லை, வாங்க வாங்க என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே படிக்குக் கீழே நின்றார். அவருடைய மகள் உள்ளே முன்வரிசையில் இருந்தாள், மூன்று பாடத்திலும் நல்ல பெறுபேறு. நாங்கள் போய் அவரோடு படிக்குக் கீழே நின்றோம். அதைத் தவிர வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

விண்ணப்பம் நிரப்பும்போது விலாசத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. தோட்ட ஆபிஸ் என்று போட்டால் கடிதம் அங்கேயே கிடந்து பழசாகும், ஏற்கனவே இரண்டு பேருக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் அப்படிப் பிந்தி வந்திருக்கிறது. அந்தப் பிள்ளை பேனையைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பெயருக்குக் கீழே மேற்பிரிவு என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள், மாரியம்மன் கோயிலடி என்று எழுதினாள். மற்றப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்து அதையே எழுதினார்கள்.